டக்ளஸில் பழைய பண்ணை வீடு வாங்கலாமா? பக்கத்து ஊர் 'பேய் வீடு' பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தாமரை (வூஸ்டர்):

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் வூஸ்டரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள். மாமியாரும் இப்போது ஊரிலிருந்து வந்திருக்கிறார். மாசசூசெட்ஸ் தெற்கு எல்லையில் டக்ளஸ் என்ற சின்ன ஊரில் ஒரு பண்ணை வீடு விலைக்கு வந்திருக்கிறது. 1800-க்கு முன்னால் கட்டியது என்கிறார் ஏஜென்ட். நாலு ஏக்கர் நிலம், மாடு கட்டிய பழைய கொட்டகை, பயன்படுத்தாத கல் கிணறு ஒன்று. கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. எனக்குக் காய்கறி போட மண் வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. விலையும் எங்கள் கைக்கு எட்டுகிறது.

இரண்டு விஷயம்தான் தடுக்கிறது. நிலத்தின் பின்மூலையில் கல் சுவருக்குள் ஏழெட்டுக் கல்லறைகள் இருக்கின்றன. மாமியார் திருச்செங்கோடு பக்கம் தோட்டத்திலேயே வாழ்ந்தவர், பாம்பைப் பார்த்தாலும் பதறாதவர். கல்லறையைப் பார்த்ததும் காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். "குடியிருக்கிற எடத்துல இது வேண்டாம் கண்ணு" என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்னொன்று என் மகள். 14 வயது. எல்லை தாண்டி ரோட் ஐலண்டில் இருக்கும் ஹாரிஸ்வில் பேய் வீடு நாங்கள் பார்த்த இடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள்தான் என்று பள்ளியில் யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டில் குடியிருந்த குடும்பத்தின் கதையை வைத்து 2013-ல் வந்த 'தி கான்ஜூரிங்' படத்தைத் தோழி வீட்டில் பார்த்துவிட்டு வந்தவள், இப்போது இந்த வாடகை வீட்டின் பேஸ்மென்ட்டுக்கே துணி துவைக்க இறங்க மாட்டேன் என்கிறாள்.

அந்தக் குடும்பத்துக்கு உண்மையில் என்ன நடந்தது? ஒன்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே வாழ்ந்தார்களாமே, எப்படி? இதே மாதிரிப் பழைய வீட்டில் குடியிருந்த நம்மவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ரவி (நாஷுவா):

தங்கச்சி, வேண்டாம். பெரியவர் ஒருத்தர் மனசு ஒப்பாமல் சொல்லும்போது அந்த வீட்டில் பால் காய்ச்சாதீர்கள். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு வீடு இருக்கிறது, குடி வந்தவர் யாரும் நிலைக்கவில்லை. காத்து கருப்பு என்பது நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. இதைவிட நல்ல வீடு உங்களுக்கு அமையும்.

நர்மதா (பிராவிடன்ஸ்):

தாமரை, ரோட் ஐலண்டுக்கு நாங்கள் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வசந்த காலத்தில், கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய இடுகாடுகளைச் சுத்தம் செய்யப் போகிறவர்களோடு நானும் போவேன். ஹாரிஸ்வில் கதையைத் தேடிப் படித்ததும் அந்த வழியில்தான். குடும்பம் சொன்னது எது, ஊர்ப் பதிவேட்டில் இருப்பது எது, படம் சேர்த்தது எது என்று பிரித்துச் சொல்கிறேன். உங்கள் மகளுக்கு அதுதான் உதவும்.

ரோஜர் பெரான், கரோலின், அவர்களுடைய ஐந்து மகள்கள். 1971 ஜனவரியில், நல்ல பனியில் குடி வந்தார்கள். வீடு 1736 வாக்கில் கட்டியது என்பார்கள். அப்போது அதோடு சுமார் 200 ஏக்கர் நிலமும் இருந்தது. ஐந்து பெண் பிள்ளைகள் ஓடியாட வயலும் ஓடையும் வேண்டும் என்றுதான் வாங்கினார்கள், உங்களைப் போலவே. மூத்த மகள் ஆண்ட்ரியா பிற்பாடு இதையெல்லாம் மூன்று பாகமாக எழுதினார். முதல் பாகம் 2011-ல் வந்தது. இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி அவர் சொல்லித்தான் தெரியும்.

வீட்டை விற்றவர் போகும்போது, ராத்திரியில் விளக்கை எரியவிட்டு வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். ஆரம்பத்தில் நடந்தவை சின்னச் சின்னவை. துடைப்பம் வைத்த இடத்தில் இருக்காது. ஆளில்லாத சமையலறையில் எதையோ சுரண்டும் சத்தம் கேட்கும். கரோலின் தரையைப் பெருக்கி முடித்துத் திரும்பினால் நடுவில் கொஞ்சம் மண் குவிந்து கிடக்கும். இந்த இடம்தான் எனக்கு அந்தக் கதையிலேயே மிக உண்மையாகப் படுகிறது. கதை கட்ட நினைக்கிறவர் யாரும் துடைப்பத்தில் ஆரம்பிக்க மாட்டார். நாள் முழுக்க அந்த வீட்டைப் பெருக்கித் துடைக்கிறவள் கண்ணில்தான் இதெல்லாம் படும். காரணம் என்னவோ இருக்கட்டும், அவர் பார்த்தார் என்பதை நான் நம்புகிறேன்.

பிறகு வந்தவை கனமானவை. அழுகிய மாமிச நாற்றம், விடிகாலையில் கட்டில் ஆடுவது, கரோலினின் காலில் ஊசி குத்தியது போல ஒரு காயம். ஆனால் ஆண்ட்ரியா இன்னொன்றும் சொல்கிறார், அதைப் படம் காட்டவே இல்லை. அந்த வீட்டில் இருந்ததாக அவர் சொல்லும் ஆவிகளில் பெரும்பாலானவை ஒரு தொந்தரவும் செய்யாதவை. ராத்திரி வந்து பிள்ளைகளுக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போகும் ஒன்றுகூட இருந்ததாம். அந்த வீட்டை அவர்கள் நேசிக்கவும் செய்தார்கள். உங்கள் மகளிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

1970-களின் நடுவில் கனெக்டிகட்டிலிருந்து எட் வாரன், லொரெய்ன் வாரன் தம்பதி வந்தார்கள். பேய் ஆராய்ச்சிக்கென்று 1952-லேயே சங்கம் தொடங்கியவர்கள். படத்தில் அவர்கள் பேயோட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுவதோடு கதை முடிகிறது. ஆண்ட்ரியா சொல்வது அப்படி இல்லை. நடந்தது ஆவியை அழைக்கும் ஓர் அமர்வு. அதை அவர் ஒளிந்திருந்து பார்த்தார். அம்மா தெரியாத மொழியில் பேசினார், நாற்காலியோடு தூக்கி எறியப்பட்டார் என்கிறார். ரோஜருக்கு வந்த கோபத்தில் வாரன் தம்பதியை வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். அதற்கப்புறமும் குடும்பம் அங்கேதான் இருந்தது. 1980 ஜூனில்தான் ஜார்ஜியாவுக்குக் குடிபெயர்ந்தது.

அத்தனை வருஷம் ஏன் இருந்தார்கள் என்று கேட்டீர்கள். பணம்தான் காரணம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இருந்ததையெல்லாம் போட்டு வாங்கிய வீடு. விற்காமல் வேறு வீடு பார்க்க வழியில்லை. அந்தக் காலத்தையும் நினைத்துப் பாருங்கள். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின, கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் நாலு மடங்கானது. அப்போது நியூ இங்கிலாந்தில், அதாவது இந்த வடகிழக்கு மாநிலங்களில், வீடுகளைச் சூடாக்கியது பெரும்பாலும் எண்ணெய்தான். 1978 பிப்ரவரிப் பனிப்புயலில் பக்கத்து வூன்சாக்கெட்டில் 38 அங்குலம் பனி கொட்டியது. காற்று புகும் பழைய மர வீட்டில், பற்றாத காசில், ஐந்து பிள்ளைகளோடு குளிர்காலம் குளிர்காலமாக அந்த அம்மாள் இருந்திருக்கிறார். படம் பார்த்துப் பயந்தவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இப்போது என்னை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். படத்தில் வரும் சூனியக்காரி பத்ஷீபா கற்பனைப் பெயர் இல்லை. பத்ஷீபா ஷெர்மன் அந்த ஊரில் வாழ்ந்த ஒரு விவசாயியின் மனைவி. பிறந்தது 1812, தாயர் குடும்பத்தில். 1844-ல் ஜட்சன் ஷெர்மனைக் கல்யாணம் செய்தார். 1885-ல் இறந்து ஹாரிஸ்வில் இடுகாட்டில் கணவர் பக்கத்தில் அடக்கமானார். படத்தில் அவர் பெற்ற குழந்தையைப் பலி கொடுத்துவிட்டு 1863-ல் மரத்தில் தூக்குப் போட்டுக்கொள்கிறார். அதற்கு 22 வருஷம் கழித்துத்தான் நிஜத்தில் அவர் இறந்தார், எழுபதைத் தாண்டி. ஏதோ ஒரு கைக்குழந்தையின் தலையில் ஊசியைக் குத்திக் கொன்றார் என்று ஒரு கதை உலவுகிறது. அப்படி ஒரு விசாரணை நடந்ததற்குப் பதிவு கிடையாது. தேடியவர்களுக்குக் கிடைக்கவில்லை. பெரான் குடும்பம் வாழ்ந்த அந்த வீட்டில் அவர் குடியிருக்கவும் இல்லை. ஷெர்மன் பண்ணை வேறு.

அந்த அம்மாளின் கல்லைத்தான் படம் வந்த பிறகு வந்து வந்து உடைத்தார்கள். பகலில் படம் எடுத்துக்கொள்ள வருகிறவர்கள், ராத்திரி குடித்துவிட்டு வருகிறவர்கள். செத்து நூற்றி முப்பது வருஷமான ஒரு கிழவியின் பெயர் பொறித்த கல்லை உதைத்துச் சாய்க்க ஒருவருக்கு எப்படிக் கால் வருகிறது? எனக்கு இன்றும் ஆறவில்லை.

இந்த மாநிலத்துக்கு இது புதிதும் இல்லை. தெற்கே எக்ஸிடர் ஊரில் 1892-ல் மெர்சி பிரவுன் என்று 19 வயதுப் பெண் காசநோயில் இறந்தாள். அவளுடைய அம்மாவும் அக்காவும் அதே நோயில் முன்பே போய்விட்டார்கள், அண்ணன் எட்வின் படுத்த படுக்கை. செத்தவள் எழுந்து வந்து அண்ணனின் உயிரை உறிஞ்சுகிறாள் என்று ஊர் முடிவு கட்டியது. மார்ச் மாதம் உடலை வெளியே எடுத்தார்கள். ஜனவரியில் இறந்தவள், கடுங்குளிரில் வைத்த உடல், கெடாமல் இருந்தது. அதையே சாட்சியாக வைத்து இதயத்தை எரித்து அந்தச் சாம்பலை அண்ணனுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். அவன் இரண்டு மாதத்தில் இறந்துபோனான். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்து அப்போது 10 வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் விளங்காத துன்பம் ஒன்று வந்தால், திரும்பிப் பேச முடியாத ஒரு பெண்ணின் தலையில் அதை இறக்கிவைப்பது மனுஷருக்கு எளிதாக இருக்கிறது. பெரான் வீட்டார் பட்டதை நான் இம்மியும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதற்காகப் பத்ஷீபாவைக் குற்றவாளி ஆக்கவும் சம்மதிக்க மாட்டேன்.

அந்த வீட்டின் பிற்காலக் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1980-களில் வாங்கிய ஒரு தம்பதி முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே வாழ்ந்தார்கள். அவர்களுக்குத் தலைவலி கொடுத்தது 2013-க்குப் பிறகு வேலி தாண்டி வந்தவர்கள்தான். ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு தோட்டத்தில் ஆட்கள். பட நிறுவனத்தின் மேல் 2015-ல் வழக்கே போட்டார்கள். படம் எடுத்தது நார்த் கரோலினாவில், கஷ்டப்பட்டது இவர்கள். 2019-ல் வீடு 4,39,000 டாலருக்குப் போனது, 2022-ல் 15,25,000 டாலருக்கு. இரவு தங்கக் கட்டணம், சுற்றிக்காட்டக் கட்டணம் என்று தொழிலாகவே ஆனது. 2024 இறுதியில் அதற்கான உரிமத்தைப் புதுப்பிக்க ஊர் மன்றம் மறுத்துவிட்டது. உங்கள் மகளின் தோழிகள் அங்கே போகலாம் என்று கூப்பிட்டால் அனுப்பாதீர்கள். பேய்க்காகச் சொல்லவில்லை, அக்கம்பக்கத்தில் வேலைக்குப் போய் வந்து தூங்குகிற ஜனங்கள் இருக்கிறார்கள்.

மாமியாருக்கு ஒரு வார்த்தை. இங்கே பழைய பண்ணைகளில் இடுகாடு இருப்பது சாதாரணம். தேவாலயம் தூரம், பனியில் பாதை கிடையாது. அதனால் அவரவர் நிலத்திலேயே தாத்தா பாட்டியையும் குழந்தைகளையும் அடக்கம் செய்தார்கள். மாமியாரின் ஊர்ப் பக்கத்திலும் தோட்டத்து மூலையில் பெரியவர்களைச் சமாதி வைத்து, விசேஷத்துக்கு விளக்கேற்றிப் படையல் போடுகிற குடும்பங்கள் உண்டுதானே? அப்படித்தான் இதுவும் என்று சொல்லிப் பாருங்கள். அந்த நிலத்தை உழுத குடும்பம்தான் அங்கே படுத்திருக்கிறது.

செல்வம் (ஷ்ரூஸ்பரி):

நான் வீடுகளுக்கு ஹீட்டிங் வேலை செய்பவன். எண்ணெய் பாய்லர், ஃபர்னஸ், புகைபோக்கி எல்லாம். இந்தப் பக்கத்தில் இருநூறு வருஷப் பண்ணை வீடுகளின் பேஸ்மென்ட்டில் தவழ்ந்து போவதுதான் என் குளிர்காலம். நர்மதா அக்கா சொன்னதில் ஒன்று விட்டுப்போனது. ரோஜர் அந்த மண் தரை பேஸ்மென்ட்டுக்கு அடிக்கடி இறங்க வேண்டி வந்ததே, ஹீட்டிங் கருவி காரணம் தெரியாமல் நின்று நின்று போனதால்தான். இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் குளிர்ச்சியாக, நாற்றத்தோடு யாரோ நிற்பது போல இருக்குமாம். அங்கே அன்றைக்கு யாரும் காற்றை அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை, அதனால் இதுதான் காரணம் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் எரிந்து எரிந்து அணைகிற கருவி உள்ள வீட்டில் நாலு பேர் தூங்குகிறார்கள் என்றால் எனக்கு வயிறு கலங்கும்.

1921-ல் வில்மர் என்ற கண் மருத்துவர் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஆப்தல்மாலஜியில் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை வெளியிட்டார். 1912 குளிர்காலத்தில் ஒரு பெரிய பழைய வீட்டுக்குக் குடிபோனவர்கள். கொஞ்ச நாளில் பிள்ளைகள் வெளிறிப் போனார்கள், எல்லோருக்கும் தலைவலி, செடிகள் பட்டுப்போயின. மேல் மாடியில் காலடிச் சத்தம். ராத்திரி விழித்தால் கட்டில் பக்கத்தில் யாரோ இருப்பது போலத் தோன்றும். கடைசியில் பார்த்தால் ஃபர்னஸ் பழுதாகிப் புகை வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. நிறம் இல்லை, வாசனை இல்லை. ஃபர்னஸைச் சரி செய்ததும் எல்லாம் நின்றது.

மாசசூசெட்ஸில் 2005-ல் பிளிமத் ஊரில் ஏழு வயதுக் குழந்தை ஒன்று பனியில் புகைக்குழாய் அடைபட்டதால் இறந்துபோனது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு மாடியிலும், படுக்கையறைக் கதவிலிருந்து 10 அடிக்குள்ளும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேண்டும் என்று சட்டம் வந்தது. வீடு கைமாறும்போது தீயணைப்புத் துறை வந்து பார்த்துச் சான்று கொடுக்கும். அந்தச் சான்றோடு திருப்திப்படாதீர்கள். புகைபோக்கிக்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரே பெரிய புகைபோக்கி வைத்துக் கட்டிய வீடாகத்தான் இருக்கும். உள்ளே செங்கல் பிளந்து, ஓர் அறையின் புகை இன்னோர் அறைக்குள் வரும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

சத்தங்களுக்கு மகளை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். முழு மரத்தூண், முழு உத்திரம் வைத்த சட்டம் அது. பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி போகும் ராத்திரியில் மரம் சுருங்கி 'படார்' என்று விடும், துப்பாக்கி வெடித்த மாதிரி. ஹீட்டிங் குழாய்கள் சூடேறும்போது வரிசையாகத் தட்டும். பரணில் பறக்கும் அணில் குடியிருக்கும், அது ராத்திரிதான் உலவும். ஜனவரி, பிப்ரவரியில் நரி கத்துவது ஒரு பெண் அலறுவது போலவே இருக்கும், முதல் தடவை கேட்டபோது நான் போலீசைக் கூப்பிடப் போனேன். நடு குளிர்காலத்தில் கொஞ்சம் வெயில் அடித்தால் ஜன்னலில் கொத்துக் கொத்தாக ஈ வரும். செத்தது எதிலிருந்தும் வரவில்லை, இலையுதிர் காலத்தில் சுவர் இடுக்கில் தூங்கப் போன ஈக்கள் சூட்டுக்கு எழுந்து வருகின்றன. பெரிய பண்ணை வீடு எல்லாவற்றிலும் இது உண்டு.

கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவை: போர்வெல் தண்ணீரில் ஆர்சனிக், ஏனென்றால் மத்திய மாசசூசெட்ஸ் பாறையில் அது இருக்கிறது. பேஸ்மென்ட்டில் ரேடான் (நிலத்திலிருந்து வரும் கதிரியக்க வாயு) அளவு லிட்டருக்கு 4 பிகோகியூரியைத் தாண்டினால் காற்றாடி போட்டு வெளியேற்ற வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்கு டைட்டில் ஃபைவ் என்ற மாநில விதிப்படி சோதனை கட்டாயம். சின்னவனுக்கு ஆறு வயது ஆகவில்லை என்றால் ஆபத்தான ஈயப் பெயின்டை அகற்றவோ மூடவோ செய்தே ஆக வேண்டும், 1978-க்கு முந்தைய வீடு எல்லாவற்றுக்கும் அந்தச் சட்டம் உண்டு. அந்தப் பழைய கல் கிணற்றின் மேல் மூடி எப்படி இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மக்கிய பலகை என்றால் வீடு கைக்கு வந்த அன்றே கான்கிரீட் மூடி போடுங்கள். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் எனக்குப் பயம் அதுதான்.

ஜெயந்தி (பாஸ்டன்):

சட்டப் பக்கம் ஒன்று. நியூயார்க்கில் நையாக் என்ற ஊரில் ஒரு வீட்டில் பேய் இருப்பதாக உரிமையாளரே பத்திரிகைகளில் சொல்லி வந்தார். அது தெரியாமல் வெளியூர்க்காரர் ஒருவர் வாங்க ஒப்பந்தம் போட்டுவிட்டார். 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டத்தைப் பொறுத்தவரை அந்த வீடு பேய் வீடுதான் என்று சொல்லி, ஒப்பந்தத்திலிருந்து விலக அவருக்கு வழி கொடுத்தது. அதை நம்பி மாசசூசெட்ஸில் வாங்கிவிடாதீர்கள். இங்கே சட்டம் வேறு. வீட்டில் கொலையோ தற்கொலையோ நடந்தது, அமானுஷ்யமாக ஏதோ இருப்பதாகப் பேச்சு, இவற்றையெல்லாம் விற்பவர் தானாக முன்வந்து சொல்ல வேண்டிய கடமை கிடையாது. ஆனால் நீங்கள் நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. எழுத்தில் கேளுங்கள். ஏஜென்ட்டுக்கு ஒரு மெயில் போதும். அதே மெயிலில் இடுகாட்டைப் பற்றியும், அங்கே புதைந்தவர்களின் சந்ததியார் வந்து போகும் வழி பத்திரத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

தாமரை (வூஸ்டர்):

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ரவி அண்ணா, நீங்கள் அக்கறையோடு சொன்னது புரிகிறது. அத்தை சம்மதிக்காமல் வாங்கப் போவதில்லை.

நர்மதா அக்கா எழுதியதை மகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பேய் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தக் கல்லை உடைத்தவங்களை யாரும் பிடிக்கலையா?" என்றுதான் கேட்டாள். அத்தை மெர்சி பிரவுன் கதையில் அழுதுவிட்டார். அவருடைய சின்னம்மா ஒருவர் சின்ன வயதில் கிணற்றில் விழுந்து இறந்தவராம். அவரைப் பற்றியும் ஊரில் இப்படித்தான் பேசினார்களாம். எங்களுக்கு அது இதுவரை தெரியாது. அந்தக் கல்லறைகளை இன்னொரு தடவை பகலில் பார்க்கலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஜெயந்தி சொன்ன மெயிலை அனுப்பிவிட்டேன். சின்னவனுக்கு நாலு வயது, ஈயப் பெயின்ட் செலவைக் கணக்குப் போட வேண்டும். அக்கா, அந்தக் கற்களில் எழுத்து தெரியாமல் பாசி படிந்திருக்கிறது. யார் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சுத்தம் செய்யலாமா?

நர்மதா (பிராவிடன்ஸ்):

அத்தைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். சின்னம்மாவின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள்.

நிலம் உங்கள் பெயருக்கு வரும்வரை கல்லைத் தொடாதீர்கள். வந்த பிறகும் முதலில் டக்ளஸ் ஊர் வரலாற்று ஆணையத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களிடம் வரைபடமும் பெயர்ப் பட்டியலும் இருக்க வாய்ப்பு உண்டு. சுத்தம் செய்ய வெறும் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். கம்பி பிரஷ், ப்ளீச், பிரஷர் வாஷர் கூடவே கூடாது. எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்க்காதீர்கள், மாவு பூசாதீர்கள். காலையிலோ மாலையிலோ ஒரு கண்ணாடியை வைத்து வெயிலைப் பக்கவாட்டில் விழச் செய்தால் எழுத்து நன்றாக எழும்பும், அப்போது போட்டோ எடுங்கள். தட்டினால் பொத்தென்று சத்தம் வரும் ஸ்லேட் கல் உள்ளே பிளந்திருக்கும், அதைத் தேய்க்கவே வேண்டாம். சாய்ந்த கல்லை சிமென்ட் வைத்து நிறுத்தாதீர்கள்.

பெயர்களுக்கு: 1849 இறுதி வரையான பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை மாசசூசெட்ஸ் ஊர்கள் பல புத்தகமாகவே அச்சிட்டிருக்கின்றன. டக்ளஸுக்கும் இருக்கிறது, நூலகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். கல்லில் பாதி எழுத்து கிடைத்தால் போதும், மீதியை அதில் பிடித்துவிடலாம். மகளை அதற்கு உட்காரவையுங்கள். கொட்டகை, கூரை எல்லாம் செல்வம் தம்பி பார்த்துச் சொல்லட்டும், கல்லறைக்கு நான் வருகிறேன். மே மாதம் மண் இளகிய பிறகு ஒரு சனிக்கிழமை சொல்லுங்கள்.